கழுத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு என் மகள் குறட்டை விட ஆரம்பித்தாள்.

பதின்மூன்று வயதுப் பெண். அன்றுவரை அவள் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. கேட்டதும் டிவி சத்தத்தைக் குறைத்தேன். எழுந்து போய், சோபாவில் படுத்திருந்தவள் முகத்தில் வெயில் விழாமல் ஜன்னல் பிளைண்ட்ஸை இறக்கிவிட்டேன். முதல் நாள் சிநேகிதி வீட்டு டிராம்போலினில் குதித்து விழுந்து, இரவெல்லாம் வலியில் புரண்ட பிள்ளை. ஒருவழியாகத் தூங்குகிறாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நிமிடம் வரைக்கும் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அரை மணி நேரம் கழித்து ஒரு பெண்மணி என்னை அறைந்து, அந்த மணியைக் காகிதத்தில் எழுத வைத்தார்.

டெக்சஸ் மாநிலத்து பிளானோவில், எங்கள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ் பிள்ளைகள் அவரை 'அடி ஆன்ட்டி' என்பார்கள், அவர் காதுபடவே. எதிர் பிளாக்கில் கீழ்வீடு. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஊரில் பி.ஃபார்ம். படித்து, ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் பல வருஷம் இருந்தவர். இங்கே அந்தப் படிப்பு மட்டும் போதவில்லை. மேலே பரீட்சை எழுத வேண்டும். எழுதிக்கொண்டே இருந்தார். அதுவரைக்கும் ஒரு மளிகைக் கடையின் பின்பக்கத்து பார்மசியில் மாத்திரை எண்ணிப் போடும் வேலை. ஒரு தட்டில் கொட்டி, தட்டையான கத்தி போன்ற ஒன்றால் ஐந்து ஐந்தாகத் தள்ளுவார். அந்த வேகத்தைப் பார்த்தால் எண்ணுகிற மாதிரியே இருக்காது, யாரையோ விரட்டுகிற மாதிரி இருக்கும்.

வாய்க்கு முன்னால் கை வந்துவிடும் அவருக்கு. சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் தோளில் ஒன்று வைப்பார். கோபம் வந்தாலும் அதே தோள், அதே கை. எது என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டும். கையில் நாலு தங்க வளையல். வளையல் சத்தம் நம் காதுக்கு வருவதற்குள் அடி வந்து சேர்ந்திருக்கும்.

நீச்சல் குளத்தின் ஈர விளிம்பில் ஓடிய ஒரு சின்னப் பெண்ணின் கெண்டைக்காலில் ஒருமுறை பளாரென்று விட்டார். குழந்தையின் அம்மா சண்டைக்கு வந்தார்.

"அமெரிக்கால குழந்தைய அடிச்சா போலீஸ் வரும், தெரியுமில்ல?"

"வரட்டுங். மண்ட ஒடஞ்சா ஆம்புலன்ஸ் வரும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்."

இன்னொரு முறை, ஆகஸ்ட் மாத வெயிலில், இந்திய மளிகைக் கடை வாசலில். நிறுத்தியிருந்த ஒரு காரின் பின்சீட்டில், குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு, துண்டு போர்த்தி, தலை மட்டும் தெரிந்தது. அசைவில்லை. கடைக்குள் போய் யாருடைய கார் என்று கேட்டிருக்கலாம். இவர் தன் கார் டிக்கியைத் திறந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து ஓங்கி ஒரு போடு போட்டார். கண்ணாடி சிதறியது. அலாரம் அலறியது. உள்ளே கையை விட்டு இழுத்தால், ஊரிலிருந்து மடியிலேயே வைத்துத் தூக்கி வந்த கொலு பொம்மை. உடையாமல் இருக்கட்டும் என்று பெல்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது அதற்கு மூக்கு இல்லை.

பொம்மைக்காரப் பெண் அழுதே விட்டார். "பாத்துட்டு ஒடைக்கக் கூடாதா?"

"பாத்துட்டு நிக்கற நேரத்துல செத்துப்போயிருக்கும்."

"பொம்மைங்க அது!"

"பொம்மையா இருந்ததுக்குச் சாமியக் கும்புடுங்."

அடி ஆன்ட்டியின் கணவர் சத்தமே இல்லாத மனிதர். கடைக்குள் போய் ஒரு துடைப்பம் வாங்கி வந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தார். இந்தக் கதையை ஒரு வருஷம் எல்லார் வீட்டு விருந்திலும் சொல்லிச் சிரித்தோம். ஆன்ட்டியைப் போல நடித்துக் காட்டுவதில் நான்தான் கெட்டிக்காரன். கம்பியை ஓங்குவதையும், பொம்மையைப் பார்த்ததும் முகம் போன போக்கையும் செய்து காட்டுவேன்.

எங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்குள் அப்போது ஒரு பை சுற்றிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. டாக்டரிடம் போனால் கட்டுப்படியாகாது. அதனால் யாருக்கு எந்த டாக்டர் எதை எழுதிக் கொடுத்தாலும், மிச்சமாகும் மாத்திரை அந்தப் பைக்குள் போய்விடும். தேவைப்பட்டவர்கள் போன் பண்ணி, பை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பாட்டிலில் நோயாளியின் பெயர் இருக்கும். யாருக்கு என்ன வியாதி என்று அடுத்த வீட்டுக்குத் தெரிவதில் கூச்சம். ஆகவே லேபிளை உரித்துவிடுவோம். உரித்த இடத்தில் வெள்ளை டேப் ஒட்டி, பெரியவர்கள் படிக்கும்படி தமிழில் எழுதுவது என் வேலை. காய்ச்சல். தொண்டை. வயிறு. கழுத்து. முதுகு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். 'கழுத்து' பாட்டில், டோல்வேயில் பின்னாலிருந்து கார் இடித்து அடிபட்ட நண்பர் கொடுத்தது. 'முதுகு' பாட்டில், வீடு மாறும்போது சோபா தூக்கியவர் கொடுத்தது. பெயரை உரித்தபோது மருந்தின் பெயரும், எத்தனை சாப்பிடலாம் என்பதும், எதனோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதும் கூடவே உரிந்து குப்பைக்குப் போனது. அது எனக்கு உறைக்கவில்லை. ஏதோ பொதுச் சேவை செய்கிற நினைப்பில் இருந்தேன்.

ஒரு தீபாவளி விருந்தில் பை அடி ஆன்ட்டியின் கண்ணில் பட்டது. பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இது ஆருங்க எழுதினது?"

"நான்தான்," என்றேன். பாராட்டுவார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"கையெழுத்து முத்துமுத்தா இருக்குது தம்பி. இதுக்குள்ள என்ன இருக்குது?"

"முதுகு வலி மாத்திரை."

"அதுக்குப் பேரு இல்லீங்களா?"

"முதுகு வலின்னா எடுத்துக்கலாம், அவ்வளவுதான்."

"வயித்துக்குள்ள போனதும், முதுகு எங்க இருக்குதுன்னு வழி கேட்டுட்டு நேரா அங்கயே போயிருமாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிங்க்கில் இருந்த கழிவு அரைக்கும் மெஷினைப் போட்டுவிட்டு, பாட்டில்களைத் திறந்து கவிழ்க்க ஆரம்பித்தார். மெஷின் கல்லை மென்றது போலக் கத்தியது. என் மனைவி ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரின் பிரஷர் மாத்திரையும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. ஆன்ட்டி உதறிய உதறலில் என் மனைவி ஃபிரிட்ஜில் போய் மோதினாள். முழங்கையில் வளையல் கிழித்து ரத்தம். கடைசி மாத்திரை வரைக்கும் அரைத்துவிட்டுத்தான் சுவிட்சை அணைத்தார்.

மூன்று நாள் பிரஷர் மாத்திரை இல்லாமல், என் மாமனார் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தார். நெற்றியில் தையல். இதையும் சொல்லத்தான் வேண்டும். அடி ஆன்ட்டியின் கை பல நேரம் தப்பான இடத்திலும் விழுந்தது. என் மனைவி அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் அவர் பேச்சு வந்தால் 'கொலைகாரி' என்பாள்.

இரண்டு வாரத்தில் புதுப் பை உருவாகிவிட்டது. இந்த முறை முறுக்கு டின்னுக்குள், அவர் கண்ணில் படாமல். மறுபடியும் நான்தான் எழுதினேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமை. தொண்ணூற்றொன்பது, வசந்த காலம். கம்ப்யூட்டர்களெல்லாம் இரண்டாயிரத்தில் நின்றுவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலையில் இருந்த என் மனைவிக்குச் சனி, ஞாயிறும் ஆபீஸ். காலை எட்டு மணிக்குக் கிளம்பும்போது, கழுத்து வலிக்கிறது என்ற பிள்ளைக்கு 'கழுத்து' பாட்டிலிலிருந்து ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் பால் வாங்கப் போயிருந்தேன். ஒன்பதரைக்கு மகள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாள். 'முதுகு' பாட்டிலைத் திறந்தேன்.

"அம்மா ஆல்ரெடி ஒண்ணு குடுத்தாங்கப்பா."

"எதுலேர்ந்து?"

"தி நெக் ஒன்."

"அது கழுத்துக்கும்மா. இது முதுகுக்கு."

இந்த வாக்கியத்தை நான் வாயால் சொன்னேன். படித்தவன், இரண்டு பட்டம் வாங்கியவன். அவளும் நம்பி விழுங்கினாள். பத்தரைக்கு இன்னும் வலிக்கிறது என்றாள். இன்னொன்று கொடுத்தேன். டெக்சஸ் மகரந்தத்துக்காக அவள் தினமும் சாப்பிடும் அலர்ஜி மாத்திரை நினைவுக்கே வரவில்லை.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம். கதவு உடைகிற மாதிரி தட்டல். திறந்தால் அடி ஆன்ட்டி. பால் வாங்கி வந்த அவசரத்தில் என் காரை அவருடைய கூரை போட்ட பார்க்கிங்கில் விட்டிருக்கிறேன்.

"ஏனுங் தம்பி, எடம் இருக்குதுன்னு எங்கூட்டுக் கட்டல்லயும் வந்து படுத்துக்குவீங்..."

பாதியில் நிறுத்தினார். தலையைச் சாய்த்தார். அந்தக் கோபத்திலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஆரு அது?"

"பாப்பா. தூங்கறா."

"அது தூக்கமில்ல."

என்னைத் தள்ளிய வேகத்தில் நான் சுவரில் மோதினேன். பிளைண்ட்ஸைப் பிய்த்து எறிந்தார். வெளிச்சத்தில்தான் பார்த்தேன், பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. விரல் முட்டியால் அவள் நெஞ்செலும்பை அம்மி அரைப்பது போல அரைத்தார். கன்னத்தில் அறைந்தார். "கண்ணு! சாமி! கண்ணத் தொறடி!" இமையைப் பிரித்துப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மறுபடி அறைந்தார். பிள்ளை லேசாக முனகிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

"என்ன குடுத்தீங்?"

"சாதா வலி மாத்திரைதான்," என்றேன்.

பொய். முறுக்கு டின் நினைவுக்கு வந்ததால் சொன்ன பொய். அடுத்தவர் மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்தது தெரிந்தால், கிரீன் கார்ட் கையில் வருகிற நேரத்தில், என்று பாதி மனசு கணக்குப் போட்டதால் சொன்ன பொய்.

அறைந்தார். என் மூக்குக் கண்ணாடி பறந்தது. அதுவரை இருந்த 'ங்க' எல்லாம் அதோடு போனது.

"பொய் சொன்னீன்னா புள்ள செத்துப்போகும். என்ன குடுத்தே?"

டின்னை எடுத்து வந்தேன். பிடுங்கிக் கவிழ்த்தார். கம்பளம் முழுக்க முறுக்கும் பாட்டிலும் உருண்டன. இரண்டு பாட்டிலிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை எடுத்து, மேலே பொறித்திருந்த எழுத்தை வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்று முழு வெள்ளை. மற்றது ஒரு பக்கம் மஞ்சள்.

"கம்பெனிதான் வேற. ரெண்டும் ஒரே மாத்திரை. தசையத் தளத்தறது, ஆஸ்பிரின், கோடீன், மூணையும் சேத்து அழுத்துனது. பெரியவங்களையே அசத்திப்போடும். எத்தன குடுத்தே?"

"மொத்தம் மூணு."

"வேற?"

"அலர்ஜிக்கு தினமும் ஒண்ணு..."

"அதும் தூங்க வெக்கறதுதான்."

போனை எடுத்தார். அடுத்து நடந்ததை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். "அக்கா, வேண்டாம். போலீஸ் வரும். உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்கலாம். காபி போடறேன், எழுந்துருவா."

"நெனப்பில்லாதவ தொண்டையில ஊத்துனா மூச்சுக்குழல்ல போயி அடைச்சுக்கும். உடு கைய!"

விடவில்லை. நாற்பது வயது ஆணும் ஒரு பெண்ணும் முறுக்கு மேல் கால் வைத்து மிதித்துக்கொண்டு போனுக்காகக் கட்டிப் புரண்டோம். அப்போது சோபாவில் குறட்டை நின்றது.

இருவருக்கும் கேட்டது. அவர் என் கையைக் கடித்தார். போனாலேயே என் புருவத்தில் ஓங்கி அடித்தார். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவசர உதவி எண் 911-ஐ அழுத்தி, பார்மசி கவுன்ட்டரில் பேசுகிற அதே தட்டையான ஆங்கிலத்தில் விலாசமும் வயசும் மருந்தும் சொல்லிவிட்டு, போனை என் மடியில் எறிந்தார்.

"புடி. கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஒன்னுல இருந்து அஞ்சு எண்ணு. சத்தமா எண்ணு."

எண்ணினேன். ஒவ்வொரு ஐந்துக்கும், பிள்ளையின் மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினார். அவள் மார்பு எழும்பித் தாழ்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எத்தனை ஐந்து என்று தெரியாது. பிறகு ஒரு இருமல். ஒரு மூச்சு, அவளுடையது. நீண்ட இடைவெளி. இன்னொரு மூச்சு. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து முகவாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டி ஒரு அறை விட்டார்.

"எழுது. உன்ற முத்துமுத்தான கையெழுத்துல எழுது. எத்தன மணிக்கு என்ன குடுத்தே, எத்தன மணிக்குக் கொறட்ட வந்துச்சு. அவங்க வந்ததும் கையில குடுக்கோணும்."

எட்டு மணி ஒன்று. ஒன்பதரை ஒன்று. பத்தரை ஒன்று. பதினொன்று நாற்பது குறட்டை. காகிதத்தில் ரத்தம் சொட்டியது. மருந்தின் பெயரை எழுத வந்தபோது எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் காகிதத்தைப் படித்தார்கள். என்னை எதுவும் கேட்கவில்லை. தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். இரண்டு நிமிடத்தில் பிள்ளை துள்ளி, வாந்தி எடுத்து, கண்ணைத் திறக்காமலே கையை வீசினாள். "ஸ்டாப் ஹிட்டிங் மீ" என்றாள். அதைவிட நல்ல வார்த்தையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

கூட வந்த போலீஸ்காரர் என் புருவத்தைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

"ஐ ஹிட் ஹிம்," என்றார் அடி ஆன்ட்டி, எழுதிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் நல இலாகாவிலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் வீட்டைப் பற்றி நிறையக் கேட்டாள். அப்புறம் ஒருமுறை வீட்டுக்கும் வந்து பார்த்தாள். அவ்வளவுதான். கிரீன் கார்டுக்கு எதுவும் ஆகவில்லை. எதற்காக அந்தக் கையைப் பிடித்தேனோ அது நடக்கவே இல்லை. இன்று என் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் அவள் கண்ணயர்ந்தால், எதிரில் உட்கார்ந்து நான் ஐந்து ஐந்தாக எண்ணுகிறேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பாள்.

மனைவிக்குச் செய்தி போய்ச் சேர வெகுநேரம் ஆனது. ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் வைத்த மெஷின் அறைக்குள் இருந்திருக்கிறாள், பேஜர் மேஜையில். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவரும் காத்திருந்தோம். எனக்குப் புருவத்தில் ஏழு தையல். அவர் காலில் செருப்பில்லை, எங்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தது. சுடிதார் முழுக்க என் பிள்ளையின் வாந்தி. வளையல் போட்ட கைகளை மடியில் வைத்து, ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஊர்ல, ஆஸ்பத்திரில," என்றார் என்னைப் பார்க்காமல். "டாக்டர் வரட்டும்னு கையக் கட்டிட்டு நின்னேன். ஒருக்காத்தானுங் தம்பி. ஒரே ஒருக்கா."

பிடியை விட்டு, சுடிதாரில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் மனைவி வந்தாள். நேரே உள்ளே போனாள். அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிள்ளையின் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடங்களைத் தன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு வெளியே வந்தாள். என் தையலைப் பார்த்தாள். அவர் எதிரில் போய் நின்றாள். இன்னொரு சண்டை என்று நினைத்து நான் எழுந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வாங்கிக்கொள்ளத் தயாராக, முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷத்தில் என் மனைவி அவரிடம் பேசிய முதல் பேச்சு இது.

"அக்கா, இன்னொரு பை இருக்கு. இவருக்குக்கூடத் தெரியாது. அரிசி டின்னுக்குள்ள வெச்சிருக்கேன். வந்து அரைச்சிடுங்க."